வெள்ளிக்கிழமை பதில்கள்

என் மனைவி எம்.எஸ்சி. சைக்காலஜி படித்தாள். நான் எட்டாவது. செஞ்சியில் குட்டியானை ஓட்டுகிறேன், சின்ன லோடு வண்டி. வல்லம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மல்லாட்டை மூட்டை, நிலக்கடலைதான், ஏற்றி வருவேன். அறுப்பு சமயத்தில் நெல். என்னைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

அவள் என் மாமன் மகள். கல்யாணத்தின்போது டிகிரி முடித்திருந்தாள். மேலே படிக்கணும் என்றாள். படி என்றேன். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

காலேஜ் வெளியூர். திங்கட்கிழமை விடிந்ததும் பஸ் ஏற்றிவிடுவேன். வாரம் முழுக்க ஹாஸ்டல். வெள்ளிக்கிழமை மத்தியானம் வகுப்பு முடித்துவிட்டுச் சாயந்திரத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

முதல் வருஷம் அவர்களுக்குக் கேள்வி கேட்கப் பழக்கினார்கள். கேள்வி கேட்க ஒரு படிப்பா என்று நினைத்தேன். இருக்கிறது. ஒருத்தரை உட்காரவைத்துக் கேட்க வேண்டும். பதிலை நாமே அவர் வாயில் வைக்கக் கூடாது. தலையை ஆட்டி ஆமாம் போடக் கூடாது. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். போனில் பதிவு பண்ணி, பேசினதை அப்படியே டைப் அடிக்க வேண்டும். இருமினால் இருமல் என்று போட வேண்டும். பழக ஒரு ஆள் வேண்டும் என்றாள். வீட்டில் இருந்தது நான்.

"மாமா, இன்னைக்கு நாள் எப்படிப் போச்சு?"

"போச்சு."

"எப்படிப் போச்சுன்னு கேட்டேன்."

"நல்லா."

அவள் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். போன் ஓடியது. ஃபேன் ஓடியது. குக்கர் விசில் அடித்தது. அவள் கண்ணைப் பெரிசாக்கி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அடுத்த விசிலுக்கு அவள் சிரித்துவிட்டாள்.

அதையும் டைப் அடித்தாள். ஒரு பக்கம் முழுக்க அடைப்புக்குறிக்குள் 'மௌனம்', நடுநடுவே 'ம்'. மேடம் அதை வகுப்பில் வாசித்தாராம். எல்லோரும் சிரித்தார்களாம். மேடம் என்றால் அவளுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியை. அவர் மட்டும் சிரிக்கவில்லையாம்.

"இதுல அவர் மேல ஒரு தப்பும் இல்ல," என்றாராம். "எப்படிப் போச்சுன்னு கேட்டா ஒரு வார்த்தையில முடிச்சுடலாம். காலையில வண்டிய எடுத்ததுல இருந்து சொல்லுங்கன்னு கேளு."

அடுத்த வாரம் அப்படிக் கேட்டாள். நான் வண்டி எடுத்ததிலிருந்து சொன்னேன். தார்ப்பாய்க் கயிறு அறுந்தது, தளவானூர் பக்கம் ஒரு எருமை ரோட்டில் படுத்துக்கொண்டு எழுந்திருக்காதது, அதைக் கிளப்ப வந்த கிழவர் எருமையிடம் கெஞ்சினது. அவள் டைப் அடித்து முடித்து வாசித்துக் காட்டினாள். இவ்வளவு நான் பேசினேனா என்று இருந்தது.

அதன் பிறகு வீட்டில் சண்டை போடுவதுகூடக் கஷ்டமாகிவிட்டது. நான் முறைத்தால், "உங்களுக்கு இன்னா தோணுதுன்னு உங்க வார்த்தையிலயே சொல்லுங்க மாமா," என்பாள். சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். அப்படிக் காத்திருக்கிற ஆளிடம் எங்கே சண்டை போடுவது?

இரண்டாம் வருஷம் புராஜக்ட். வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கிற பெண்களுக்கு மனசில் எவ்வளவு பாரம் இருக்கிறது, அதைத் தாங்க என்ன துணை இருக்கிறது என்று பார்ப்பது. எங்கள் தெருவையும் அடுத்த தெருவையும் எடுத்துக்கொண்டாள். கேள்விகளை எழுதிக்கொண்டு முதலில் பக்கத்து வீட்டு அக்காவிடம் படித்துக் காட்டினாள்.

இந்த அக்காவைச் சொல்ல வேண்டும். மார்க்கெட் கமிட்டியில் வேலை. விவசாயிகள் நெல்லைக் கொண்டுவந்து கொட்டி ஏலம் விடும் இடம் அது. சிந்தின நெல்லைக் கூட்டுவது, புடைப்பது, மூட்டை கட்டும்போது கோணி பிடிப்பது அவள் வேலை. அவள் வீட்டுக்காரர் திருவண்ணாமலை ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். அக்காவின் வாய்க்குக் கமிட்டியில் வியாபாரிகளே ஒதுங்கிப் போவார்கள்.

"தங்களுக்குப் போதுமான ஓய்வு கிடைக்கிறதா?" என்று இவள் படித்தாள்.

"இது இன்னாம்மா, கோர்ட்டு நோட்டீஸா?" என்றாள் அக்கா. "நான் இன்னா தப்பு பண்ணேன்?"

உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றி எழுதினாள். ஓய்வு இருக்கா? ராத்திரி தூக்கம் இருக்கா? வேலையில கை குடுக்க ஆள் இருக்கா? மனசு விட்டுப் பேச ஆள் இருக்கா? எல்லாம் 'இருக்கா'தான். இருக்குது அல்லது இல்ல, பதில் ரெண்டே ரெண்டு. அப்புறம், "கொஞ்சம் விவரமா சொல்லுங்க" என்று கேட்பது. மேடமும் பார்த்துவிட்டு, இது நல்லா இருக்கு, ஜனங்க பேசற மாதிரி இருக்கு என்றாராம்.

வாரத்தில் அவள் ஊரில் இல்லை. சனிக்கிழமை பெண்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை யாராவது வீட்டுக்கு விருந்தாளி வருவார்கள், இல்லை இவர்கள் போவார்கள்.

"வெள்ளிக்கிழமை சாயந்திரம்தான் சரி," என்றாள். "வீடு கழுவி, தலைக்குக் குளிச்சு, பூ வெச்சு, எல்லா வீட்டு வாசலும் தொறந்திருக்கும். அன்னைக்குப் போனா யாரும் கடிக்க மாட்டாங்க."

போனாள். கடிக்கவில்லை. கையெழுத்துப் போடத்தான் தயங்கினார்கள். என் விருப்பத்தோடுதான் பதில் சொன்னேன் என்று ஒரு கையெழுத்து வாங்க வேண்டுமாம். "இன்னா வேணா கேளு கண்ணு, கையெழுத்து மட்டும் கேக்காத. எங்க மாமனார் ஒரு கையெழுத்துலதான் நெலத்த வுட்டாரு," என்றாள் ஒரு அம்மா. அதற்கு மேல் எடுத்துச் சொல்லித்தான் வாங்கினாள். போனில் பதிவு பண்ணலாமா என்றால் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் பதிலைக் கையால் எழுதிக்கொண்டாள்.

சில வெள்ளிக்கிழமைகள் இப்படிப் போயின. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கிளம்பி, இருட்டி வருவாள். காபியோ சுண்டலோ கொடுத்திருப்பார்கள். முகம் நன்றாக இருக்கும்.

"நம்ம தெருப் பொம்பளைங்க குடுத்து வெச்சவங்க மாமா. ஓய்வு இருக்காம், தூக்கம் இருக்காம், பேச ஆளும் இருக்காம். நான்தான் என்னமோ நெனச்சிட்டேன்."

"ம்," என்றேன்.

பிறகு ஒரு நாள் ஹாஸ்டலிலிருந்து போன் வந்தது. மத்தியானம். நான் வல்லத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"மாமா."

அதற்கு மேல் பேச்சில்லை. வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். அவளிடம் கற்றதுதான். காத்திருந்தேன்.

"இதெல்லாம் நீயே உக்காந்து போட்டதான்னு கேக்கறாங்க மாமா."

மேடம் எல்லாத் தாளையும் பார்த்திருக்கிறார். எல்லாம் ஒரே மாதிரி. எல்லோருக்கும் எல்லாம் இருக்கிறது. விவரம் கேட்ட இடத்தில் "நல்லா இருக்குது" என்று ஒரு வரி. உழைக்கிற பொம்பளைங்ககிட்ட போய்க் கேட்டா இப்படி ஒரு பதில் வராதே, வீட்டிலேயே உட்கார்ந்து நிரப்பின மாதிரி இருக்கே என்றிருக்கிறார். சில பிள்ளைகள் அப்படிச் செய்வதுண்டாம். அடுத்த பரிசீலனைக்குள் காரணம் சொல்ல முடியாவிட்டால் புராஜக்டை ஏற்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் வீட்டுக்கு வந்தவள் தட்டில் சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டாள்.

"வருஷம் போனா திரும்பப் படிக்கலாம்," என்றேன்.

"வருஷம் போனா போகுது மாமா. பொய் எழுதினவன்னு ஒரு பேரு வந்தா, அப்புறம் நான் யாரப் பத்தி எழுதினாலும் யாரு நம்புவாங்க?"

அவள் வீடு வீடாகப் போனது எனக்குத் தெரியும். என் பேச்சை யார் கேட்பார்கள்? நான் வீட்டுக்காரன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் எங்கேயும் போகவில்லை. குளித்து, விளக்கேற்றி, அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். நான் வண்டியைக் கழுவிவிட்டு உள்ளே வந்தேன். பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல்.

"ஏம்மா, கொஞ்சம் புளி இருக்குதா?"

"நெறஞ்சிருக்குதுக்கா," என்றாள் இவள்.

"சரி சரி, அந்தாள கடைக்கு அனுப்பறேன்."

அவ்வளவுதான் நடந்தது. எந்த வீட்டிலும் நடப்பது. நான் தண்ணீர் குடிக்கப் போனேன். இவள் கரண்டியோடு அப்படியே நின்றிருந்தாள்.

"மாமா. நான் இப்ப இன்னா சொன்னேன்?"

"புளி இல்லன்னு சொன்ன."

"நான் இல்லன்னு சொல்லலியே."

"சொல்லல."

"அப்ப புளி இருக்குதா?"

"இல்ல."

சட்டென்று என் வாயைப் பொத்தினாள். "விளக்கு எரியுது மாமா!"

பொத்தின கையை எடுக்கவில்லை. அப்படியே யோசித்தாள். கரண்டியிலிருந்து குழம்பு என் சட்டையில் சொட்டியது. பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"புளிக்கே சொல்ல மாட்டோம்," என்றாள். "நிம்மதிக்குச் சொல்லுவாங்களா?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. விளக்கு வைத்த வேளையில் வீட்டுக்குள் 'இல்ல' என்கிற சொல் வரக் கூடாது. அதுவும் வெள்ளிக்கிழமை. லட்சுமி உள்ளே வருகிற நேரத்தில் இல்லை என்றால் இல்லாமலே போய்விடும். அரிசி தீர்ந்தாலும் நெறஞ்சிருக்குது, மஞ்சள் தீர்ந்தாலும் நெறஞ்சிருக்குது. இது எல்லோருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தெரிந்த விஷயம் என்பதால்தான் யாருக்கும் தோன்றவில்லை. அவள் கேள்வி ஒவ்வொன்றும் 'இருக்கா'. அதற்கு அந்த நேரத்தில் ஒரே ஒரு பதில்தான் உண்டு.

"அப்ப நாளைக்கே எல்லார் ஊட்டுக்கும் போயி சொல்லிடலாம்," என்றேன். "இல்லன்னா இல்லன்னு சொல்லுங்கன்னு."

"ஐயோ வேணாம். ஒரு வார்த்தகூட சொல்லக் கூடாது. சொன்னா இவளுக்கு 'இல்ல'தான் வேணும்போல இருக்குதுன்னு எல்லாத்துக்கும் இல்ல போட்டுக் குடுத்துடுவாங்க. நம்ம ஜனங்க கேட்டு வந்தவங்களுக்குக் குடுத்துதான் பழக்கம்."

அதுவும் சரிதான்.

"நீங்களும் யாருகிட்டயும் வாயத் தொறக்கக் கூடாது மாமா."

இதை என்னிடம் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பல நாளைக்கப்புறம் பார்த்தேன்.

வார நடுவில் லீவு போட்டுவிட்டு வந்தாள். காலையில் வேலைக்குக் கிளம்புகிற நேரம், அதே வீடுகள், அதே கேள்விகள். எதற்குத் திரும்ப வந்தாய் என்று கேட்டால், "இன்னொரு தடவ கேக்கணும்னு இருக்குது, உங்களுக்கு இஷ்டம் இருந்தா மட்டும்" என்று சொல்ல வேண்டும். நான் வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அவள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்து சொல்லுவாள்.

ஓய்வு இருக்கா என்றதற்கு ஒரு பெண், "இன்னா கேலி பண்றியா?" என்று கையில் இருந்த பானையை இவளிடம் கொடுத்து, "இத்த புடி, ஓய்வுன்னா இன்னான்னு சொல்றேன்" என்று ஆரம்பித்தாளாம். வேலைக்கு நேரமாகிற வரைக்கும் பேசினாளாம். இன்னொருத்தி தூக்கத்தைப் பற்றிக் கேட்டதும் அழுதுவிட்டாளாம். இவள் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு அவளோடு உட்கார்ந்திருந்தாளாம். பிறகு, இதை எழுத வேண்டாம் என்றால் எழுதவில்லை என்று சொல்லியிருக்கிறாள். எழுதிக்கோ என்றாளாம்.

பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மா ஒருத்தி. அவள் மட்டும் மாறவே இல்லை. "அன்னைக்கே சொன்னேனே. படுத்தா பொணம் நான். ஓய்வு இருக்குது, எல்லாம் இருக்குது. இன்னாத்துக்கு இல்லன்னு சொல்லணும்?" இதைச் சொல்லும்போது என் மனைவிக்கு முகம் மலர்ந்திருந்தது.

"மாறலன்னா உனக்கு நஷ்டந்தானே?" என்றேன்.

"இல்ல மாமா. இப்படி ஒண்ணு வந்தாத்தான் மத்ததும் நெஜம்."

பக்கத்து வீட்டு அக்காவை மட்டும் கேட்க முடியவில்லை. உறவில் ஏதோ சீமந்தம் என்று தளவானூர் போயிருந்தாள்.

எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போனாள். மேடம் முழுக்கப் படித்தாராம். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தாராம்.

"காரணம் நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கறதாலதான் எனக்கு யோசனையா இருக்கு. மாட்டிக்கிட்டதும் கண்டுபிடிச்ச காரணமாகூட இருக்கலாம். நான் ஒரு வெள்ளிக்கிழமை வரேன். ஒரே ஒரு வீடு காட்டு. நானே கேட்டுப் பார்க்கறேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு வரவில்லை. "அவங்க நம்பிட்டேன்னு சொல்லியிருந்தா நான் கஷ்டப்பட்டு இருப்பேன் மாமா. பார்க்கறேன்னு சொல்றாங்க. அதுதான் மரியாதை," என்றாள்.

எந்த வீடு என்று யோசித்து அக்கா வீட்டையே முடிவு செய்தாள். மற்றவர்களை எல்லாம் இரண்டு தரம் கேட்டாயிற்று. அக்காவிடம் முன்னே ஒரு வெள்ளிக்கிழமை கேட்டதோடு சரி. காலேஜிலிருந்து டீச்சர் வருகிறார், உங்களோடு கொஞ்சம் பேச வேண்டுமாம் என்று மட்டும் சொல்லி வைத்தாள். வரட்டுமே என்றாள் அக்கா.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கமிட்டியில் நெல் இறக்கிக்கொண்டிருந்தேன். அக்கா கூட்டிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தரையை அடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா?"

"எங்க ஊட்டு மகாராசா இப்ப போன் பண்ணி சொல்றாரு தம்பி. அவங்க அக்கா ஊட்டுல இருந்து மொத்தமும் வருதாம். ராத்திரி சாப்பாடு நம்ம ஊட்லயாம். காலையில சொன்னா இன்னா கேடு? நான் இன்னா மிஷினா?"

"ம்."

"ம்முன்னு சொல்லு. நீயும் ஆம்பளதானே."

சாயந்திரம் மேடம் வருவது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்றைக்கென்று பார்த்து இப்படி. மேடம் போய், ஓய்வு இருக்கா என்று கேட்டால் இந்த வாய் என்ன சொல்லும்? விளக்காவது லட்சுமியாவது. இருக்கிற ஆத்திரத்தை எல்லாம் கொட்டிவிடுவாள். வெள்ளிக்கிழமையும் இல்லைன்னு சொல்றாங்களே என்று மேடம் எழுந்து போய்விடுவார். என் மனைவி சொன்ன காரணம் பொய்யாகிவிடும். அத்தோடு எல்லாம் பொய்யாகிவிடும்.

ஒரு வார்த்தை போதும். அக்கா, இன்னைக்கு விளக்கு வெச்ச அப்பால கொஞ்சம் நிதானமா பேசுக்கா. அவ்வளவுதான். அக்கா என் பேச்சைக் கேட்பாள். ஏன் என்றுகூடக் கேட்க மாட்டாள்.

கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"இன்னா தம்பி, ஏதாவது சொல்லணுமா?"

"இல்ல. வரேன்க்கா."

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயந்திரம் பஸ் ஸ்டாண்டில் மேடம் இறங்கினார். வயசானவர், பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப்பை. முன் சீட்டில் உட்காரவைத்தேன். என் மனைவி பின்னால் காலிச் சாக்குகளோடு ஏறிக்கொண்டாள். போகும்போது மேடம் கோட்டை மலையைப் பார்த்து, "இப்ப ஏறலாமா?" என்றார்.

"இப்ப விடமாட்டாங்க," என்றேன்.

"நீங்கதானே அந்த மௌனம்?"

"ஆமா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

அக்கா வீட்டு வாசலில் கோலம் ஈரமாக இருந்தது. உள்ளே ஒரே சத்தம். டிவி, பிள்ளைகள், அக்கா வீட்டுக்காரர் யாரிடமோ உரக்கச் சிரிப்பது. மேடம் என் மனைவியை நிறுத்தினார். "நீ உள்ள வராத. உன் முகத்தப் பார்த்து அவங்க பதில் சொல்லக் கூடாது." அது சரி என்றாள். மேடம் மட்டும் உள்ளே போனார். நாங்கள் இரண்டு பேரும் வண்டியின் பின்தட்டில் உட்கார்ந்தோம். ஜன்னல் திறந்திருந்தது. சாமி மாடத்தில் விளக்கு தெரிந்தது. பேச்சும் கேட்டது.

மேடம் முதலில் பொதுவாகப் பேசினார். பதில் சொல்ல இஷ்டம் இல்லையென்றால் சொல்ல வேண்டாம் என்றார். அக்கா, கேளுங்கம்மா கேளுங்க என்றாள். குரலில் இன்னும் அந்தத் துடைப்பம் இருந்தது.

"உங்களுக்கு ஓய்வு இருக்கா?"

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. "எம்மா, சாம்பார் பொங்குது," என்று யாரோ கத்தினார்கள். என் மனைவி என் கையைப் பிடித்தாள்.

அக்கா பதில் சொல்லவில்லை. மேடமும் அவசரப்படுத்தவில்லை. அந்த மேடத்திடம் படித்தவள்தான் இவள், தெரிந்தது. ஜன்னல் வழியாக அக்கா திரும்புவது தெரிந்தது. மாடத்தைப் பார்த்தாள். பல்லைக் கடித்தாள்.

"இருக்குதும்மா," என்றாள். "நெறைய இருக்குது."

"வேலையில கை குடுக்க ஆள் இருக்கா?"

"இருக்குது."

டிவிக்கு முன்னால் அக்கா வீட்டுக்காரர், "இன்னொரு காபி வருமா?" என்றார்.

"தூக்கம் இருக்கா?"

"இருக்குது. எல்லாம் நல்லா இருக்குது."

மேடம் மற்ற கேள்விகளையும் கேட்டார். எல்லாவற்றுக்கும் இருக்குது. எழுந்து, "அப்ப நான் போறேன்மா," என்றார்.

"போறேன்னு சொல்லாதீங்கம்மா, வெள்ளிக்கிழமை அதுவுமா. வரேன்னு சொல்லுங்க," என்றாள் அக்கா.

"வரேன்மா."

குங்குமம் வாங்கிக்கொண்டு மேடம் தெருவில் இறங்கினார். வண்டியில் ஏறவில்லை. நடந்தார். நாங்களும் பின்னால் நடந்தோம். தெருக் குழாயடி வரைக்கும் போயிருப்போம். பின்னால் செருப்பில்லாத காலோசை. அக்கா ஓடி வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அம்மா, ஒரு நிமிசம். உள்ள விளக்கு எரியுது, அங்க சொல்லக் கூடாது. அதுக்காகப் பெரியவங்ககிட்டப் பொய் சொல்லி அனுப்பறதா?"

மேடம் நின்றார்.

"ஓய்வு எங்கம்மா இருக்குது? விடியறதுக்கு மின்ன எழுந்தா..." என்று ஆரம்பித்தாள். கமிட்டித் தூசி, இருமல், முழங்கால், வந்து இறங்கின நாத்தனார், இரண்டாவது காபி. கை குடுக்க ஆளா? குடுப்பாங்க, டம்ளரைக் கையில குடுப்பாங்க. எனக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கடைசியில் குரல் இறங்கிவிட்டது. பேச யாரும் இல்லை என்று சொன்னபோது சாதாரணமாகச் சொன்னாள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்வது போல.

மேடம் காகிதத்தை எடுக்கவில்லை. போனை எடுக்கவில்லை. அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

அக்கா ஓய்ந்ததும் என் மனைவி முன்னால் வந்தாள். "அக்கா, நீங்க இப்ப சொன்னத நான் எழுதிக்கலாமா? வேணாம்னா வேணாம்."

"எழுதிக்க. பேரு போட்டுடாத."

"போட மாட்டேன்."

"அந்தாளு படிச்சிட்டா?"

"உங்க ஊட்டுக்காரரு பேப்பரே படிக்க மாட்டாரேக்கா."

"அதுவும் சரிதான்," என்று சொல்லி அக்கா மூக்கை உறிஞ்சினாள். "சாம்பார் தீஞ்சிடும்," என்று ஓடிவிட்டாள்.

குழாயடியில் நாங்கள் மூன்று பேர் நின்றிருந்தோம். மேடம் என் மனைவியைப் பார்த்தார்.

"இது நீயே உக்காந்து போட்டதில்ல," என்றார். "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுன்னு சொல்ல மாட்டேன். கேட்டுத்தான் ஆகணும். ஆனா நீ போட்டதில்ல."

"சரிங்க மேடம்."

"முதல்ல வாங்கின பதிலைத் தூக்கிப் போட்டுடாத. பொய்னு எழுதாத. அது ஒரு பதில், இது ஒரு பதில். ரெண்டையும் வை. கிழமைய மட்டும் நினைச்சிட்ட நீ. நிக்கற இடத்தையும் பார்க்கணும். வாசலுக்கு உள்ள ஒண்ணு, வாசலுக்கு வெளிய ஒண்ணு. அதையும் கேட்டுட்டு வந்து எழுது. வேலை இன்னும் நிறைய இருக்கு."

"செய்யறேன் மேடம்."

பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டோம். திண்டிவனம் பஸ் புறப்படத் தயாராக இருந்தது. ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் இவள் நின்றாள். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை.

"பசிக்குது மாமா," என்றாள்.

வீட்டில் ஒன்றும் ஆக்கியிருக்கவில்லை. வண்டியை நிறுத்துகிற சத்தம் கேட்டு அக்கா வாசலுக்கு வந்தாள்.

"வாங்க ரெண்டு பேரும். மொத்தமும் வருதுன்னு ஆக்கி வெச்சேன், பாதிதான் வந்திருக்குது. இந்தச் சோத்த நான் இன்னா பண்றது?"

நாத்தனார் பிள்ளைகளுக்கு நடுவில் இடம் ஒதுக்கி இவளை உட்காரவைத்தாள். சாம்பார் லேசாக அடிப்பிடித்திருந்தது. அதை யாரும் சொல்லவில்லை. அக்கா வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "இன்னா மாப்ள, அந்தம்மா இன்னாத்துக்கு வந்துட்டுப் போச்சு?" என்றார்.

"சும்மா," என்றேன்.

யாரோ வண்டியை எடுக்க முடியாமல் என் குட்டியானை வழியை மறித்துக்கொண்டிருந்தது. எழுந்து போய்த் தள்ளி நிறுத்திவிட்டு, கை கழுவிக்கொண்டு திரும்பி வந்தேன். மற்றவர்கள் எல்லாம் எழுந்திருந்தார்கள். அவள் ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.